கடைசி நேரத்து சாக்லேட் பை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏர்போர்ட் கடையில் வாங்குகிறவர்கள் என்றாலே காசு கொழுத்தவர்கள் என்று பலர் பேசுகிறார்கள். பதினொரு வருடம் துபாயில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே பில் போட நிற்பவர்களில் நிறையப் பேர் கேம்பிலிருந்து, அதாவது கம்பெனி கொடுக்கும் தொழிலாளர் விடுதியிலிருந்து, லீவுக்குக் கிளம்பிய நம் ஆட்கள்.

பெட்டியை அறையிலேயே எடை பார்த்து, கயிறு கட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, இமிகிரேஷன் தாண்டி, செக்யூரிட்டியில் கழற்றிய பெல்ட்டைத் திரும்ப மாட்டின பிறகுதான் மனசு கொஞ்சம் லேசாகும். சரியாக அங்கேதான் கடை இருக்கிறது. விமானத்துக்கோ இன்னும் இரண்டு மணி நேரம். பாக்கெட்டில் மிச்சமிருக்கும் நோட்டை ஊரில் மாற்றிவிடலாம், சில்லறையை யார் வாங்குவார்கள்?

ஒரு முறை எனக்கு முன்னால் நின்ற தம்பியின் கையில் நான்கு சாக்லேட் பை, தனக்கென்று ஒரு சென்ட் பாட்டில். போனில் மனைவியிடம், "பெரியப்பா வீட்டுல இப்ப எத்தனை புள்ளைங்க?" என்று கேட்டு விரல்விட்டு எண்ணினார். அவர் ஊரைவிட்டு வந்தபோது இரண்டு, இப்போது மூன்றாம். சென்ட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு இன்னொரு சாக்லேட் பையை எடுத்துக்கொண்டார். மூன்று வருடம் கழித்து வீட்டுக்குப் போகிறவன், ஒரு பிள்ளைக்குக் கொடுத்து இன்னொன்றை விட முடியுமா? இதை ஆடம்பரம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் 'வரியில்லா விலை' என்ற பலகையை நம்பி வாங்குவதுதான் வருத்தமாக இருக்கிறது. 1947ல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் இந்த மாதிரிக் கடை முதலில் வந்தது. மதுவுக்கும் சிகரெட்டுக்கும் வரி அதிகம், அதனால் அவற்றில் மிச்சம் பிடிக்கலாம். சாக்லேட் அப்படியில்லை. துபாய் இருக்கும் எமிரேட்ஸ் நாட்டில் 2018ல் வந்த வாட் வரியே 5 சதவீதம்தான், அதைக் கழித்தாலும் நூறு திர்ஹமுக்கு ஐந்து திர்ஹம்கூட குறையாது. துபாய் ஊருக்குள் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி போட்டிருந்தால் அந்த லாபமும் போச்சு.

அதனால் ஒரு வேண்டுகோள். பள்ளி விடுமுறைக்கும் பெருநாள், தீபாவளிக்கும் நம் ஆட்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், எதை ஏர்போர்ட்டில் வாங்கலாம், எதை அங்கே ஊருக்குள்ளேயே வாங்கிவிடலாம் என்று விலையோடு ஒரு பட்டியல் போடுங்கள். அப்புறம் வீட்டில் இருப்பவர்களும், யார் யாருக்கு என்ன வேண்டும் என்பதை ஊருக்கு வருகிறவர் பெட்டி கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பரமக்குடி