பத்துக் குச்சி, ஒரு கட்டு

பினாங்கு

அன்புள்ள தோழிக்கு,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கு அனைவரும் நலம். மகன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டதால் வீட்டில் இப்போது வண்ணப் பென்சிலும் கத்தரித்த காகிதமும் என்னுடையவை மட்டுமே.

பல ஆண்டுகளாக ஆறாம் ஆண்டு மாணவர்களுடனேயே இருந்த உனக்கு இவ்வாண்டு முதலாம் ஆண்டு வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அறிந்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். உன் தயக்கமும் எனக்குப் புரிகிறது. ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021-இல் கைவிடப்படும் வரையில் உன் காலமெல்லாம் பயிற்சித் தாள்களிலேயே கழிந்தது. ஏழு வயதுப் பிள்ளைகளிடம் தாளை நீட்டுவதற்கு முன் வேறு ஏதோ செய்ய வேண்டும் என்று உனக்கே தோன்றியிருக்கிறது. அதை எங்கிருந்து தொடங்குவது, நேரத்தை வீணாக்காத செயல் எது என்று கேட்டிருந்தாய். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சுவிடாமல் சொல்வான். அவன் தந்தைக்கு அதில் மிகுந்த பெருமை. பள்ளி தொடங்கிய இரண்டாம் வாரத்தில் அவனிடம் 14 என்று எழுதிய அட்டையைக் கொடுத்து, அத்தனை மஞ்சாடி விதைகளைத் தட்டில் எடுத்து வைக்கச் சொன்னேன். நம் ஊரில் சாகா விதை என்போமே, திடலோரத்து மரத்தடியில் சிவப்புச் சிவப்பாகக் கொட்டிக் கிடப்பது, அதுதான். அவன் அட்டையில் இருந்த 1-ஐத் தொட்டான், ஒரு விதையை வைத்தான்; 4-ஐத் தொட்டான், நான்கு விதைகளை வைத்தான்; பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். தட்டில் ஐந்து விதைகள் இருந்தன. அவன் தவறு செய்ததாக என்னால் நினைக்க முடியவில்லை. தாளில் என்ன எழுதியிருந்ததோ அதை அப்படியே செய்திருந்தான். அந்த 1 என்பது பத்து என்று அவன் கை ஒருநாளும் உணர்ந்ததில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு மூன்று வாரங்கள் ஐஸ்கிரீம் குச்சிகளை மட்டுமே வைத்துக்கொண்டு கணிதம் நடத்தினேன். விதிமுறை ஒன்றே ஒன்று: பத்துக் குச்சி சேர்ந்தால் ரப்பர் வளையம் போட்டுக் கட்ட வேண்டும், கட்டில் சேராதது உதிரி. அந்தச் சின்ன விரல்களுக்கு வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவதே பெரிய வேலை. ஆனால் ஒவ்வொரு கட்டையும் தாமே கட்ட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். முன்கூட்டியே கட்டி வைத்ததைக் கொடுத்தால் அது அவர்களுக்கு வெறும் ஒரு பொருள்தான். பத்தையும் எண்ணிக் கட்டியவனுக்கே அது பத்து. இதே காரணத்தால் காசு வைத்துக் கடை விளையாட்டு நடத்துவதை நான் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். ஒரு பத்து சென் காசைப் பார்த்தால் அதற்குள் பத்து இருப்பது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது.

இதில் நம் மொழி நமக்கு எவ்வளவு துணை நிற்கிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஆங்கிலத்தில் ‘ஃபோர்ட்டீன்’ என்றாலும் மலாயில் ‘எம்பாட் பெலாஸ்’ என்றாலும் நான்குதான் முதலில் காதில் விழுகிறது. எழுதும்போதோ 1 முதலில் வருகிறது. தமிழில் பதினான்கு என்று சொல்லும்போது கட்டு முதலில், உதிரி பின்னால்; குச்சியும் சொல்லும் இலக்கமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இருபது, முப்பது, எண்பது வரையிலும் எத்தனை பத்து என்று சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். தொண்ணூறில்தான் தடுக்கியது. “எண்பதுக்கு அப்புறம் எப்படி டீச்சர் நூறு வருது? இன்னும் ஒரு கட்டு வேணுமே?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அவள் காதில் தொண்ணூறு என்பது நூறாகவே விழுந்திருக்கிறது. நான் விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒன்பது கட்டுகளை அவள் முன் வைத்தேன். எண்ணிப் பார்த்தாள்; பத்தாவது கட்டைத் தானே எடுத்துச் சேர்த்து “இதுதான் நூறு” என்றாள். மனப்பாடமாக மட்டும் படித்திருந்தால் அந்தக் கேள்வியே அவளுக்குத் தோன்றியிருக்காது.

கழித்தலுக்கும் இந்தக் கட்டுகளே போதும். 23-இலிருந்து 5-ஐ எடுக்கச் சொன்னால் உதிரி மூன்றுதான் இருக்கிறது. வேறு வழியின்றி ஒரு கட்டின் வளையத்தை அவிழ்த்தாக வேண்டும். நாம் படித்த காலத்தில் அதைக் ‘கடன் வாங்குதல்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். கடன் என்ற சொல் ஏழு வயதுக்கு எதையும் விளக்குவதில்லை. கட்டை அவிழ்ப்பது உடனே விளங்கிவிடுகிறது.

பயிற்சிக் கல்லூரியில் நாம் படித்த உளவியலாளர் புரூனரை நினைவிருக்கிறதா? செயல், படம், குறியீடு என்று கற்றலின் மூன்று நிலைகளை 1966-இல் எழுதினாரே, அவர்தான். தேர்வுக்காக அதை எழுதிவிட்டு மறந்துபோனோம். இப்போது பார்க்கும்போது நம்மில் பலர் தவறவிடுவது நடுவில் உள்ள படிதான் என்று தோன்றுகிறது. குச்சியை எடுத்து வைத்துவிட்டு நேராக நோட்டுப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னால், பிள்ளைக்குக் குச்சி வேறு, கணக்கு வேறு என்றாகிவிடும். நான் ஒரு வாரம் முழுவதும் அவர்களை வரையவைத்தேன்: கட்டுக்கு ஒரு நெடுங்கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. கோடும் புள்ளியும் கைக்குப் பழகிய பிறகே இலக்கத்தை எழுதச் சொன்னேன். முதலில் சொன்ன பையன் இப்போது 41-ஐயும் 14-ஐயும் குழப்புவதில்லை.

தமிழ்மொழிப் பாடத்தில் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது கொம்பும் காலும். எழுத்துக்கு இடப்பக்கத்தில் எழுதுவதை ஏன் பிறகு ஒலிக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. இரு பக்கமும் குறி வரும்போது இன்னும் தடுமாறுகிறார்கள். அதனால் நான்கு பிள்ளைகளிடம் பெரிய அட்டைகளைக் கொடுத்து வகுப்பின் முன் நிற்கவைத்தேன்: இரட்டைக்கொம்பு, த, துணைக்கால், ள். எல்லாரும் தோள் என்று படித்தார்கள். கொம்பைப் போய் உட்காரச் சொன்னேன், தாள் ஆனது. கொம்பைத் திரும்ப அழைத்துக் காலை அனுப்பினேன், தேள்! வகுப்பே கத்திக்கொண்டு காலைத் தூக்கிக்கொண்டது. அன்று வீட்டுக்குப் போகும்போதும் தேள், தோள், தாள் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அந்த ஒரு பாடவேளையில் நடந்தது, முந்தைய இரண்டு வாரக் கரும்பலகைப் பாடத்தில் நடக்கவில்லை.

எழுதிப் பழகுவதற்கு மணல் தட்டு வைத்திருக்கிறேன். இது நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் செய்ததுதான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் கையாண்டு, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு மணல் தட்டு போய்ச் சேர்ந்தது அதன் பிறகுதான். 1816-இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கிய இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, நம்முடையதை நாமே வெளிநாட்டு முறை என்று நினைத்திருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. என் மாணவி ஒருத்தி நோட்டில் எழுதியதை அழித்து அழித்துத் தாளையே கிழித்துவிடுவாள். தட்டில் அவளுக்கு அந்தப் பயம் இல்லை. லேசாக ஆட்டினால் பழையது மறைந்துவிடுகிறது. “மூன்று சுழி ண” என்று வாய்விட்டுச் சொல்லி, விரலால் மூன்று சுழியையும் எண்ணி, ஒரே மூச்சில் பதினொரு முறை எழுதினாள்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று நினைத்துவிடாதே. சில ஆண்டுகளுக்கு முன், ‘அ’ வடிவத்தின் மேல் பச்சைப்பயறு ஒட்டும் வேலையைக் கொடுத்து முழுதாக ஒரு மணி நேரத்தைச் செலவிட்டேன். சுவரில் தொங்கவிட்டபோது பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் எழுதச் சொன்னால் பாதிப் பேருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. அவர்கள் கவனமெல்லாம் பசையில் இருந்தது. பயற்றைக் கீழிருந்தும் ஒட்டலாம், நடுவிலிருந்தும் ஒட்டலாம். எழுத்தின் ஓட்டம் கைக்குப் போகவே இல்லை. அதிலிருந்து எந்தச் செயலையும் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: கை செய்யும் வேலையும் பாடம் கேட்கும் வேலையும் ஒன்றுதானா? இல்லையென்றால் அது கலைப் பாடத்துக்கு உரியது.

நோட்டுப் புத்தகம் வெறுமையாக இருக்கிறதே என்று பெற்றோர் உன்னிடமும் கேட்பார்கள். என்னிடம் கேட்ட ஒரு தாயை நான் வகுப்புக்கே அழைத்தேன். மகன் கட்டை அவிழ்த்துக் கழிப்பதைப் பார்த்த பிறகு அவரே வீட்டிலிருந்து குச்சிகளைச் சேர்த்து அனுப்பத் தொடங்கிவிட்டார். வகுப்பறை மதிப்பீட்டுக்கும் இது உதவியாகவே இருக்கிறது. யார் எந்த அடைவுநிலையில் இருக்கிறார் என்பதைத் தாளைவிடக் கைகள் தெளிவாகக் காட்டுகின்றன. நீ ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டே நடந்தால் போதும். முப்பது நிமிடப் பாடவேளையில் மட்டும் இதைத் தொடங்காதே. இரண்டு பாடவேளைகள் சேர்ந்து வரும் நாளை எடுத்துக்கொள். அள்ளி வைப்பதற்கு ஏழெட்டு நிமிடம் ஒதுக்கு. விதை மூக்குக்குள் போகாமல் பார்த்துக்கொள். நான் ஒருமுறை பட்ட பதற்றம் உனக்கு வேண்டாம்.

அடுத்த பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் வருகிறேன். என் மாணவர்கள் உன் வகுப்புக்கென்று ஒரு பெரிய போத்தல் நிறைய மஞ்சாடி விதை பொறுக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை என்று எண்ணிவிட்டார்கள். ஆனால் உன் பிள்ளைகள் எண்ணிச் சொல்லும் வரை அதை உனக்குச் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. அம்மாவிடம் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் தோழி