நான்கு பெயர், சமப் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், மேற்கத்திய ராக் குழுக்கள் ஏன் உடைகின்றன என்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பணத் தகராறு, போதை, யார் பெரியவன் என்ற போட்டி, கடைசியில் கோர்ட்டு என்று கட்டுரையாளர் அடுக்கிக்கொண்டு போனதில் பெரும்பாலானவற்றோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவையும் அந்தக் கும்பலோடு நிறுத்திவிட்டார். டிரம்மரைக் கழற்றிவிட்டார்கள், செல்வாக்குச் சரிந்தது, 2011-ல் கடையைக் கட்டினார்கள் என்று ஒரே வாக்கியத்தில் கதை முடிந்துவிட்டது. அதில் ஆண்டு சரி; செல்வாக்கு பாதி சரி; டிரம்மர் விஷயம் முழுத் தப்பு.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர் பீட்டர் பக். தான் எடுத்து வைத்திருந்த தட்டுகளையே தேடி வந்து வாங்கிய மாணவர் மைக்கேல் ஸ்டைப். இருவருக்கும் சிநேகம் அப்படித்தான். மேக்கன் நகரப் பள்ளி நாட்களிலிருந்தே சேர்ந்து வாசித்த மைக் மில்ஸும் டிரம்மர் பில் பெரியும் பிறகு வந்து சேர்ந்தார்கள். 1980 ஏப்ரல் 5 அன்று, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில், தோழி ஒருவரின் பிறந்தநாளுக்கு வாசித்தது முதல் கச்சேரி. அப்போது குழுவுக்குப் பெயர்கூட முடிவாகவில்லை.

அடுத்த சில வருஷங்கள் ஒரு வேனில் ஊர் ஊராக அலைச்சல். பெரிய வானொலிகள் கண்டுகொள்ளாதபோது கல்லூரி வானொலிகள்தான் இவர்களை ஒலிபரப்பின. 1983-ல் 'மர்மர்' ஆல்பம் வந்தது. ஸ்டைப் அதில் என்ன பாடுகிறார் என்று இன்றுவரை எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. வாய்க்குள்ளேயே பாடுவார், வார்த்தை காதுக்கு எட்டும்போது பாதி கரைந்துவிடும். ஆனாலும் அடுத்த பாட்டைத் தாண்டிப் போக மனம் வராது. மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' உலகத்தையே ஆட்டிவைத்த அந்த வருஷத்தில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை ஆண்டின் சிறந்த ஆல்பமாக 'மர்மரை'த்தான் சொன்னது. ஐ.ஆர்.எஸ். என்ற சிறிய கம்பெனிக்காக 1987 வரை வருஷத்துக்கு ஓர் ஆல்பம் போட்டுவிட்டு, 1988-ல் வார்னர் பிரதர்ஸ் என்ற பெரிய கம்பெனிக்குப் போனார்கள்.

நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான். ஆல்பங்களில் பாட்டை எழுதியவர் யார் என்று பாருங்கள். பெரி, பக், மில்ஸ், ஸ்டைப். எந்தப் பாட்டானாலும் இதே நான்கு பெயர், அகர வரிசையில். ராயல்டியும் நான்கு சமப் பங்கு. பெரும்பாலான குழுக்களில் பாட்டெழுதியவருக்கு வருஷா வருஷம் காசு வந்துகொண்டே இருக்கும். டிரம் அடித்தவர் கச்சேரி இருந்தால்தான் சம்பளம் பார்ப்பார். பத்து வருஷத்தில் ஒருவர் மாளிகையில் இருப்பார், இன்னொருவர் வாடகை வீட்டில் இருப்பார். கட்டுரையாளர் வருத்தப்பட்ட அத்தனை சண்டைக்கும் விதை அங்கேதான் விழுகிறது. ஆர்.இ.எம். அந்த விதையே விழாமல் முதலிலேயே பார்த்துக்கொண்டது.

'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இசை பெரும்பாலும் டிரம்மர் பெரியினுடையது. ஆனால் அந்தப் பாட்டின் பெரும்பகுதியில் தாளம் போடுவது ஒரு டிரம் மெஷின்! மெட்டுப் போட்டவர் தன் வாத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டார். வயலின் கூட்டத்தை அமைத்துக் கொடுத்தவர் லெட் ஸெப்பலின் என்ற ராக் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ். 'லூசிங் மை ரிலிஜியன்' பிறந்தது இன்னும் வேடிக்கை. பக் புதிதாக ஒரு மாண்டலின் வாங்கி, டி.வி. பார்த்துக்கொண்டே பழகியிருக்கிறார், பக்கத்தில் டேப் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் போட்டுக் கேட்டால், கற்றுக்குட்டித் தடவலுக்கு நடுவே அந்த மெட்டு. இப்படி ஒரு பாட்டு ஒருவர் மடியில் பிறந்தாலும் பெயர் நால்வருக்கும்தான்.

(அந்தப் பாட்டின் வீடியோவை எடுத்தவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். கேபிள் டி.வி. வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, யாரோ நம்ம ஊர் ஆள் எடுத்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். பெயர் தெரிந்தது பல வருஷம் கழித்து.)

பங்கு மட்டுமல்ல, முடிவும் சமம். நால்வரும் சரி என்றால்தான் ஒரு காரியம் நடக்கும். ஒருவர் வேண்டாம் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. 1991-ல் 'அவுட் ஆஃப் டைம்', 1992-ல் 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்'. இரண்டும் உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்றவை. வேறு குழுவாக இருந்தால் அந்தச் சூட்டோடு உலகம் சுற்றியிருக்கும். இவர்கள் இரண்டுக்குமே சுற்றுப்பயணம் போகவில்லை. வேன் காலத்து அலுப்பு இன்னும் தீரவில்லை, அவ்வளவுதான்.

பிறகு 1995-ல் பயணம் கிளம்பியபோது உடம்பு பழிவாங்கியது. மார்ச் 1 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மேடையில் பெரிக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. மூளை ரத்தக்குழாயில் வீக்கம். அறுவை சிகிச்சை செய்து பிழைத்தார். இரண்டு மாதம் போலக் கழித்துத் திரும்பவும் டிரம்ஸ் முன்னால் வந்து உட்கார்ந்தார். அதே பயணத்தில் மில்ஸுக்கு வயிற்றில் ஆபரேஷன், ஸ்டைப்புக்குக் குடலிறக்க ஆபரேஷன். அந்த அலைச்சலுக்கு நடுவிலேயே பதிவான பாட்டுகள்தான் 1996-ல் 'நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை' ஆல்பத்தின் பெரும்பகுதி. என்னைக் கேட்டால் அவர்களுடைய ஆகச் சிறந்த ஆல்பம் அதுதான். ஆஸ்பத்திரியும் ஹோட்டலுமாகத் திரிந்த மனிதர்கள் போட்டது என்பது கேட்டால் தெரியும்.

அதே வருஷம் வார்னரோடு புது ஒப்பந்தம். 8 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த வருஷம், 1997 அக்டோபரில், பெரி விலகினார். யாரும் கழற்றிவிடவில்லை. அவருக்குப் பயணமும் இந்த வாழ்க்கையும் போதும் என்றாகிவிட்டது. 'நான் போவதால் குழு உடையும் என்றால் போகமாட்டேன்' என்று அவர் சொன்னதாகவும், மற்ற மூவரும் உடையாது என்று வாக்குக் கொடுத்த பிறகே விலகியதாகவும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் ஜார்ஜியாவில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வைக்கோல் விளைவித்தார். கட்டுரையாளர் இதை நீக்கம் என்று எழுதியது அந்த மனிதருக்கும் நியாயமில்லை, மற்ற மூவருக்கும் நியாயமில்லை.

வாக்கைக் காப்பாற்றினார்கள்; ஆனால் சுலபமாக இல்லை. 1998-ல் வந்த 'அப்' ஆல்பத்தைப் பதிவு செய்தபோதே குழு கிட்டத்தட்ட உடைந்திருக்கும். தாளம் ஒரு பக்கம் மெஷினுக்குப் போனது, பேச்சு நின்றது. மேலாளர் இடத்திலிருந்த வக்கீல் பெர்டிஸ் டவுன்ஸ் கூட்டி உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டியிருந்தது. நாலு கால் மேசையில் ஒரு காலை எடுத்த மாதிரிதான். 2004-ல் வந்த 'அரவுண்ட் தி சன்' எனக்குச் சோர்வாகப் பட்டது. பக்கே பின்னாளில், அது கேட்கச் சகிக்காது, பாட்டுகள் எங்களுக்கே அலுத்துப்போயிருந்தன என்கிற ரீதியில் பேசியிருக்கிறார். அமெரிக்காவில் விற்பனையும் இறங்கியது. கட்டுரையாளரின் 'பாதி சரி' இதுதான். ஆனால் அவர் விட்டுவிட்ட மறு பாதி, 2008-ல் வந்த 'ஆக்ஸிலரேட்'. 35 நிமிஷத்துக்குள் அடித்து முடித்த, வேகமான, கோபமான ஆல்பம். தோற்று ஓடுகிறவர்கள் அப்படி வாசிக்கமாட்டார்கள்.

2011-ல் வந்த 'கொலாப்ஸ் இன்டு நவ்' 15-வது ஆல்பம். வார்னர் ஒப்பந்தத்தில் பாக்கி எதுவும் இல்லை. பக் பின்னால் ஒரு பேட்டியில் சொன்னது: எனக்கு இதிலிருந்து ரொம்ப நாள் விலகி இருக்க வேண்டும் என்று ஸ்டைப் சொன்னாராம். ஒரேயடியாகவே விலகிவிட்டால் என்ன என்று பக் கேட்டாராம். ஸ்டைப் திரும்பி மில்ஸைப் பார்க்க, அதுதான் சரி என்று அவரும் சொல்லிவிட்டாராம். முடிந்தது. இங்கேயும் எல்லோரும் சரி சொன்ன பிறகுதான். செப்டம்பர் 21 அன்று தங்கள் இணையதளத்தில் அறிவித்தார்கள். சண்டையில்லை, வக்கீல்கள் மோதவில்லை என்று மில்ஸ் தெளிவாகவே சொன்னார். பிரியாவிடைப் பயணம் என்று ஒன்று போயிருந்தால் கொட்டியிருக்கும் காசு. போகவில்லை. அந்த வருஷக் கடைசியில் பழைய பாட்டுகளோடு மூன்று புதுப் பாட்டுகளும் சேர்த்து ஒரு தொகுப்பு, அத்தோடு சரி.

31 வருஷம் ஓடிய குழுவை, ஒட்டிக்கொண்டே இருக்காமல் விட்டதற்காகத் தோல்விக் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கவில்லை. பங்கெல்லாம் முதலிலேயே சமமாகப் பிரிந்திருந்ததால்தான் பிரிவில் சத்தம் இல்லை. கட்டுரையாளர் எடுத்துச் சொன்ன மற்ற குழுக்களின் கதையோடு இதை ஒப்பிட்டிருந்தால் கட்டுரைக்கே பலம் கூடியிருக்கும்.

2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான கௌரவப் பட்டியலில் சேர்த்தபோது நால்வரும் வந்தார்கள், பெரி உட்பட. ஒரே ஒரு பாட்டு, அந்த மாண்டலின் பாட்டை, வாசித்தார்கள். மறுபடி சேர்வதற்கு என்ன வேண்டும் என்று டி.வி. பேட்டியில் கேட்டதற்கு மில்ஸ் சொன்ன பதில்: 'ஒரு வால்நட்சத்திரம்.'

இன்னொன்று. கட்டுரையோடு நீங்கள் அச்சிட்ட படத்தில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். 1997-க்குப் பிந்தைய படம். திருத்தம் போடும்போது நால்வரும் இருக்கும் ஒரு படத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
திருச்சி