ஒரு டிக்கெட் போதும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீ குரலை உயர்த்துவாய், நான் அழுவேன், பாதியில் வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

டிக்கெட் இரண்டு போட வேண்டாம். மருமகளின் பிரசவத்துக்கு நான் மட்டும் வருகிறேன். "ஒரு தெருநாய்க்காகவா?" என்று நீ கேட்டது அப்பா காதிலும் விழுந்தது. ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

செவலைக்கு என்ன ஆயிற்று என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. ஆடி மாதம் பைபாஸில் ஏதோ கார் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அப்பா கோணிச்சாக்கில் கிடத்தி, ஆட்டோவில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு முறிந்திருந்தது. டாக்டர் சின்னப் பெண். இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்தினாள். கால் வெடுக்கென்று உள்ளே போனது. "உணர்ச்சி இருக்கு!" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "காலைப் பார்க்காதீங்க சார், முகத்தைப் பாருங்க" என்று சொல்லி மறுபடி அழுத்தினாள். கால் இழுத்தது, செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பாட்டுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்டுவடம் தானாக இழுக்கிற இழுப்பாம் அது. வலி மூளைக்குப் போகவே இல்லை, இனி நடப்பது கஷ்டம் என்றாள். ரத்தத்தில் உண்ணிக்காய்ச்சல் வேறு.

ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நானாக இருந்தால் சரி என்றிருப்பேன். அதில் பாவம் ஒன்றும் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்பா, "மாத்திரை எழுதிக் கொடும்மா" என்றார்.

காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின், 28 நாள். வெறும் வயிற்றில் கொடுத்தால் கக்கிவிடும் என்று முட்டைச் சோற்றுக்குள் பொதிந்து கொடுத்தோம். அது ஒரு வழியாகத் தீர்ந்தது. தீராதது மூத்திரம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாததால் தானாகப் போகாது. தேங்கினால் கிருமி சேர்ந்து கிட்னி வரை போய்விடுமாம். ஒரு நாளைக்கு நான்கு தடவை கையால் அமுக்கி எடுக்க வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு அப்பா துவைக்கிற கல்லோரம் தூக்கிவந்து, முழங்காலால் அணைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் அடிவயிற்றில் வைத்துத் தேடுவார். தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி ஒன்று தட்டுப்படும். நழுவும். அதை இரண்டு பக்கமும் பிடித்து, மெல்ல, விடாமல் அமுக்க வேண்டும், கடைசிச் சொட்டு வரை. அப்புறம் மோந்து பார்ப்பார். ஆமாம் தம்பி, உங்கப்பாதான். நாற்றம் மாறியிருந்தாலோ கலங்கலாக இருந்தாலோ அன்றைக்கே ஒரத்தநாடு.

யாரிடமாவது விட்டுவிட்டு வரலாமே என்கிறாய். விட்டுப் பார்த்தாயிற்று. கும்பகோணம் கல்யாணத்துக்குப் போன ஒரு நாள், பக்கத்துவீட்டுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனோம். பாவம், பயந்துபோய்த் தொடவே இல்லை. செவலைக்கு ஒரு வாரம் காய்ச்சல், ஊசி.

உன் அப்பத்தா மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். அந்த அறைக்குள் உங்கப்பா வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாசற்படியில் நின்று "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார், மூக்கில் கைக்குட்டை இருக்கும். பெட்பேன் வைத்தது, படுக்கைப்புண்ணுக்கு மருந்து போட்டது எல்லாம் நான். ராத்திரியில் புரட்டிப் போட ஒரு கை உதவிக்கு இல்லை.

போன மாதம் செவலைக்கும் இடுப்பெலும்பு மேலே அதே மாதிரிப் புண். காலை இழுத்து இழுத்துப் போனதில் தோல் தேய்ந்துவிட்டது. அவர் தரையில் உட்கார்ந்து உப்புத்தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "இதை உங்கம்மாவுக்கு ஒரு நாள் செஞ்சிருந்தா என்ன?" என்று கேட்டுவிட்டேன். பஞ்சைக் கையில் வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "எப்படிச் செய்யணும்னே அப்ப தெரியலையே" என்றார். எனக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதை நான் கேட்கவில்லை.

கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ராத்திரியிலிருந்து போனில் அலாரம் வைத்து அவரே எழுந்து அதைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு விளக்கைப் போடாமல் இருட்டில் தடவித் தடவிப் போகிறார்.

இன்னொன்று. தெருக்கோடி பிளம்பர் பிவிசி பைப்பில் செவலைக்குச் சக்கர வண்டி செய்து கொடுத்திருக்கிறார். முதல் நாள் கேட்டில் சக்கரம் மாட்டிக்கொண்டு ஒரே ஊளை. மறுநாள் பால்காரரைத் துரத்திக்கொண்டு போனது.

நான் அங்கே இருக்கும் ஆறு மாதமும் உங்கப்பா சமைத்துக்கொள்வார். ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், சகிக்கவில்லை. வாரம் ஒரு தடவை நீ அவருக்குத் தனியாகப் போன் பண்ணு. செவலை எப்படி இருக்கிறது என்று கேள், மற்றதை அவரே பேசுவார்.

மருமகளுக்குப் பத்தியப்பொடி இடித்துவிட்டேன். மெல்போர்னில் நாய்க்கென்றே டயப்பர் விற்கிறார்களாமே, அப்பா விலை கேட்கச் சொன்னார். இடுப்புச் சுற்றளவு 22 அங்குலம். பார்த்து எழுது.

அன்புடன்,
அம்மா