காயிலில் ஐஸ், குற்றம் சென்சாரில்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றின் ஈரத்தை இழுக்கிற மெஷின், உள்ளே ஐஸ் கட்டியிருப்பதாக நீ அனுப்பிய படத்தை ராத்திரியே பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் கடிதம்.

குன்னூர் ஈரத்தில் அம்மாவின் பட்டுச்சேலை பூஞ்சை பிடித்ததுகூடப் போகட்டும். பிள்ளைக்கு இளைப்பு வருகிறது என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த டீஹியூமிடிஃபையர் ஓடியாக வேண்டும். வந்த மெக்கானிக் குளிரூட்டும் கேஸ் போய்விட்டது என்றாராம். அவசரப்பட்டுப் பணம் கொடுக்காதே. கேஸ் குறைந்தால் பெரும்பாலும் காயிலில், அதாவது கேஸ் ஓடுகிற குளிர்ந்த குழாய்ச் சுருளில், குழாய் நுழைகிற பக்கம் மட்டும் ஐஸ் கட்டும், மிச்சக் காயில் காய்ந்து கிடக்கும். உன் படத்தில் மூலைக்கு மூலை ஒரே சீராக வெள்ளை. முப்பது வருஷமாக ஃப்ரிட்ஜ் பார்த்த கண்ணுக்கு இது வேறு கதை.

அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் கம்ப்ரஸர் மெஷின் எதிலும் காயிலில் பனி பிடிக்கும். அதற்காகவே காயிலில் ஒரு சென்சார் இருக்கிறது. குளிர் எல்லை தாண்டியதும் அது மெஷினை இயக்குகிற சர்க்யூட் போர்டுக்குச் சொல்லும். கம்ப்ரஸர் நிற்கும், ஃபேன் மட்டும் ஓடும், ஐஸ் உருகித் தொட்டியில் இறங்கும். உன் மெஷின் நிற்கவே இல்லை என்கிறாய். ஃபில்டரும் போன வாரம்தான் கழுவினாய், அதனால் அங்கே அடைப்பும் இருக்காது. அப்படியானால் காயில் உறைந்தும் போர்டுக்குச் சேதி போகவில்லை. வயர் அறுந்திருந்தால் பெரும்பாலும் எர்ரர் காட்டியிருக்கும், அதுவும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிஷம் பொறு. ஐஸ் தானாக உருகட்டும். கத்தியால் குத்தாதே, குழாயில் ஓட்டை விழுந்தால் மெஷினே போச்சு. மாப்பிள்ளையை டார்ச் பிடிக்கச் சொல்லி, பின் மூடியைக் கழற்று. கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்ட் தங்கியிருக்கும், அந்தப் பக்கம் கை போகக் கூடாது. காயில் ஓரத்தில் பேனா ரீஃபில் துண்டு போல ஒரு செப்புக் குழல் ஒட்டியிருக்கும். சென்சார் அதற்குள் செருகியிருக்க வேண்டும். மெஷின் அதிர்வில் நழுவி வெளியே தொங்குகிறதா பார். தொங்கினால் அது அறைக் காற்றைத்தான் அளக்கும், காயிலை அல்ல. கடைசி வரை உள்ளே தள்ளி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிவிடு. எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

இடத்தில் சரியாக இருந்தால் மட்டும் அளந்து பார். போர்டில் சென்சார் வயர் சேருகிற இரண்டு பின் வெள்ளை கனெக்டர் இருக்கும். வயரை இழுக்காமல் கனெக்டரைப் பிடித்துக் கழற்று. நான் கொடுத்த மல்டிமீட்டரை 20K-யில், அதாவது 20 கிலோ ஓம் வரை அளக்கிற இடத்தில், வைத்து சென்சாரின் இரண்டு பின்னையும் தொட்டு அளந்து பார். பெரும்பாலும் இந்தச் சென்சார்கள் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டுகிற வகை, குளிரக் குளிர எண் ஏறும். உன் அறை 18 டிகிரி என்றால் 13, 14 வரும். சென்சார் தலையை விரலால் பிடி, எண் மெல்ல இறங்க வேண்டும். பிறகு டம்ளரில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, தலையை மட்டும் ஐந்து நிமிஷம் முக்கி வை. மீட்டர் வெறும் 1 காட்டும். பயப்படாதே, அளவு 20-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். 200K-க்குத் திருப்பு. 27-லிருந்து 34-க்குள் வந்தால் சென்சார் நல்லது. 15-லேயே நின்றால் தலைக்குள் ஈரம் இறங்கிவிட்டது. அப்போது ஐஸில் கிடந்தும் அது அறைச் சூட்டைத்தான் போர்டுக்குச் சொல்லும்.

அப்படியானால் ஆன்லைனில் 10K என்று பார்த்து எதையாவது வாங்கிப் போடாதே. 25 டிகிரியில் ஒன்றாக இருந்தாலும், பீட்டா எண், அதாவது சூடு மாறும்போது ஓம் எவ்வளவு மாறும் என்பதற்கான எண், 3435 உள்ள வகையும் 3950 உள்ள வகையும் குளிரில் வேறு வேறு எண் காட்டும். மெஷின் மாடல் நம்பர் லேபிளைப் படம் எடுத்து அனுப்பு. சரியானதைத் தேடி வாங்கி கூரியரில் போடுகிறேன். அதே லேபிளில் R290 என்று இருந்தால் எரியக்கூடிய கேஸ், குழாய்ப் பக்கம் யாரும் நெருப்பு கொண்டுபோகக் கூடாது.

அதுவரை பிள்ளையின் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடு. துணியை அந்த அறையில் காயப்போடாதே. ஐஸில் மீட்டர் என்ன காட்டியது என்று ராத்திரி எந்நேரமானாலும் போன் பண்ணிச் சொல்லு.

அன்புடன்,
அப்பா