வலிக்கவில்லை என்றாயே

அன்புள்ள கண்ணு,

நேற்று வீடியோவில் உதட்டை இழுத்துக் காட்டினாயே, கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு அடியில், ஈறில் கடுகளவு வெள்ளையாக ஒரு பரு. "வலிக்கவே இல்லம்மா, போன வாரம் தானா உடைஞ்சுது, திரும்ப வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

எனக்கும் இப்படித்தான் இருந்தது. நீ அப்போது காலேஜில், உன்னிடம் சொல்லவில்லை. சொத்தைப் பல் ஒரு மாதம் உயிரை எடுத்தது, பிறகு ஒரு நாள் வலி அப்படியே நின்றுவிட்டது. ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நாளில் ஈறில் பரு. நாக்கு பட்டால் உடையும், வாயெல்லாம் உப்புக்கரிப்பாக ஒரு கெட்ட சுவை, பத்து நாளில் மறுபடி வரும். கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர் என்று ஒரு வருடம் ஓட்டினேன்.

கடைசியில் டாக்டரம்மா அந்தப் பருவின் வாய் வழியாக நூல் போல ஒரு மெல்லிய குச்சியை நுழைத்து எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் அது வளைந்து போய்ப் பல்லின் வேர் நுனியில் நின்றது. நுனியைச் சுற்றி, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வட்டம். உள்ளே நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றதாம். சீழ் எலும்பை அரித்து வழி பண்ணிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. அந்த வழியின் வாசல்தான் பரு. முன்னாலேயே போயிருந்தால் ரூட் கெனால் செய்து காப்பாற்றியிருக்கலாம். என் பல்லைப் பிடுங்கத்தான் முடிந்தது.

அதனால் மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதே. வீக்கம் வடியும், வேரில் இருப்பது அப்படியே இருக்கும். ஊசியால் குத்தாதே. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளி, அதுவும் டாக்டரிடம் போகும் வரைக்கும்தான். கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போ. வாய் திறக்க முடியாமலோ, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாகவோ இருந்தால் பல் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காதே. நடு ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய்விடு.

உன் ரூமில் பான் போடுகிற பையனிடமும் சொல். ஈறிலோ கன்னத்தின் உள்பக்கமோ கட்டியோ புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். அவன் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்.

சனிக்கிழமை உனக்கு லீவுதானே? காலையிலேயே போ. எக்ஸ்ரே படத்தை எனக்கு அனுப்பு. பணம் அப்பா இன்றைக்கே போட்டுவிடுவார்.

அன்புடன்,
அம்மா