அறிவியல் நாளுக்கு அழைக்கிறீர்கள், சேர்ந்த பிறகு? இயற்பியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இயற்பியல் துறைத் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவள். தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 நெருங்கினால் உங்களில் யாரிடமிருந்தாவது எங்கள் பள்ளிக்கு அழைப்பு வரும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவோம். லேசர் கதிரைத் தண்ணீர்த் தாரைக்குள் வளைத்துக் காட்டுவீர்கள், திரவ நைட்ரஜனில் பூவை முக்கி நொறுக்கிக் காட்டுவீர்கள். ஊர் திரும்பும் வரை பேருந்தில் அதே பேச்சாக இருக்கும். அந்த உழைப்புக்கு என் நன்றி, குறிப்பாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது வரை ஓடியாடுகிற ஆய்வு மாணவர்களுக்கு.

அந்த அழைப்பை நம்பி உங்களிடம் வந்து சேர்கிற பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சிலர் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கு நேராக வருகிறார்கள். சிலர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு எம்.எஸ்சி.க்கு வருகிறார்கள். பள்ளிகளைத் தேடிப் போவது ஒரு குழுவின் பொறுப்பு, சேர்ந்தவர்களைக் கவனிப்பது வேறொரு குழுவின் பொறுப்பு என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கிறீர்கள். என் பார்வையில் இரண்டும் ஒரே வேலைதான். முதல் பருவத்தில் ஒரு பிள்ளை படிப்பை விட்டு நின்றால், அந்த ஊரிலிருந்து அடுத்த சில ஆண்டுகளுக்கு யாரும் இயற்பியல் பக்கம் வரமாட்டார்கள். நீங்கள் எத்தனை லேசர் காட்டினாலும்.

என் மாணவி ஒருத்தி அப்படி நின்றாள். எங்கே என்று சொல்லப் போவதில்லை. தமிழ் வழியில் படித்தவள், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். கணக்கில் அவளுக்குக் குறையே இல்லை. செய்முறைக் கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. சந்தேகம் கேட்டதற்கு, "இதெல்லாம் ப்ளஸ் டூவிலேயே படித்திருக்கணுமே" என்று வகுப்பே கேட்கும்படி பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. செய்முறை வகுப்பு முடிகிற நேரத்துக்குள் அவள் ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ் கிளம்பிவிடும். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் வருகிறது. இரண்டும் அவளுக்குக் கிடைத்தன. பஸ் நேரத்துக்குத் தக்கபடி கால அட்டவணையை அரை மணி நேரம் நகர்த்துவது மட்டும் அரசாணையால் நடக்காது. அதைத் துறைதான் செய்ய வேண்டும்.

கையேட்டை இருமொழியில் கொண்டுவருவது பெரிய காரியமில்லை. மாநிலப் பாடநூலில் வெர்னியர் அளவி முதல் நிறமாலைமானி வரை எல்லாவற்றுக்கும் தமிழில் விளக்கம் இருக்கிறது. இரண்டு ஆய்வு மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். உழைப்புக்கு உரிய தொகையை மட்டும் அவர்களுக்குக் கொடுங்கள். முதல் மாதம் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், தமிழில் பதில் சொல்ல விடுங்கள். ஆங்கிலம் தானாக வரும். வாய் அடைத்துப்போன பிள்ளைக்கு அதுவும் வராது.

அறிவியல் நாள் மேடையில் நீங்கள் சொல்கிற கதையைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். 1928 பிப்ரவரி 28, ராமன் விளைவு: ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதியின் நிறம் மாறுவதை சி.வி.ராமன் கண்டறிந்த கதை. அந்த ஆய்வில் ராமனோடு தோளோடு தோள் நின்ற கே.எஸ்.கிருஷ்ணன் நம் வத்திராயிருப்பில் பிறந்து, அங்கேயே பள்ளிக்குப் போனவர் என்பதை எங்கள் பிள்ளைகளிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னால் பின்வரிசையில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கதையின் மறுபாதியையும் சொல்லுங்கள். 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்த கமலா சோஹோனியை, பெண் என்பதால் சேர்க்க மறுத்தவர் அதே ராமன்தான். கமலா விடவில்லை, போராடி, நிபந்தனைகளோடு உள்ளே போனார், பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் நிறமாலையை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. அவர்தான் பின்னாளில் இந்தியாவின் வானிலைக் கருவிகளை இங்கேயே செய்ய வழிவகுத்தவர். இதைச் சொல்வதால் ராமனின் பெருமை குறையாது. அரங்கில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்களைப் போன்றவர்களை எது தடுத்தது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. இயற்பியலில் பாலினச் சமத்துவத்துக்காக 2019இல் ஹைதராபாத் சாசனம் என்றே ஒன்றை இயற்பியலாளர்கள் வெளியிட்டார்கள். அது உங்கள் துறைக் கூட்டத்தில் என்றாவது வாசிக்கப்பட்டதா?

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் சாய்தளத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் உண்டு. பார்வையற்ற பிள்ளைகளோ அறிவியல் பிரிவுக்கு வருவதே அரிது. "செய்முறை எப்படிச் செய்வாய்?" என்று பள்ளியிலேயே, எங்களைப் போன்றவர்களே, திருப்பி அனுப்பிவிடுகிறோம். ஊசலின் அலைவு நேரத்தை அளக்க ஓர் ஒளி உணரியை வைத்து, ஒவ்வொரு அலைவுக்கும் ஒலி எழுப்பச் செய்தால் காதாலேயே எண்ணலாம். அளவீட்டைப் பேசிச் சொல்லும் வெப்பநிலைமானிகள் கடையில் கிடைக்கின்றன. வரைபடத்தைத் தடவிப் பார்க்கும்படி புடைப்பாக அச்சிடலாம். இப்படி ஒரே ஒரு மேசையை உங்கள் ஆய்வகத்தில் அமைத்து அறிவியல் நாளன்று காட்டினால், அன்று வந்திருக்கும் பள்ளி ஆசிரியர்கள் அடுத்த முறை ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பும் முன் யோசிப்பார்கள்.

வருடத்தில் ஒருநாள் திருவிழாவுக்குப் பதிலாக, சில பள்ளிகளோடு மட்டுமாவது வருடம் முழுவதும் தொடர்பில் இருங்கள். செலவே வேண்டாத சோதனைகள் இருக்கின்றன. சென்னை ஏறத்தாழ 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது, கன்னியாகுமரி 8 பாகையில். பொங்கல் விடுமுறை முடிந்து ஒருநாள், சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில், இரண்டு ஊர்ப் பள்ளிகளிலும் குச்சி நட்டு நிழலை அளக்கட்டும். இரு கோணங்களுக்கும் வித்தியாசம் 5 பாகை வரும். வடக்கு தெற்காக மட்டும் பார்த்தால் இடைத்தூரம் சுமார் 555 கிலோமீட்டர். முழு வட்டமான 360 பாகையில் 72 ஐந்து பாகைகள் இருப்பதால், அதை 72ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, 40,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில். குச்சியும் அளவு நாடாவும் போதும். இரண்டு பள்ளிகளையும் போனில் இணைத்து, கணக்கு எங்கே பிசகியது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச உங்கள் ஆய்வு மாணவர் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் எங்களிடம் இல்லை.

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் 1980 முதல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணத்தன்று, வீட்டுக்குள் அடைந்து கிடந்திருக்க வேண்டிய எங்கள் பிள்ளைகள் மைதானத்தில் நின்று பார்த்தார்கள் என்றால் அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட தன்னார்வலர்களின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. தன்னார்வத்தையே நம்பி ஒரு துறை தன் கடமையை நடத்தக் கூடாது. பள்ளிக்குப் போகும் உதவிப் பேராசிரியருக்கு அந்த மணிநேரங்களைப் பணிச்சுமையில் கணக்கிடுங்கள். பதவி உயர்வில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்குத் தருகிற மதிப்பில் ஒரு பங்கையாவது இதற்குத் தாருங்கள். இல்லையென்றால் இது எப்போதும் துறையிலேயே இளையவர்களின் தலையில்தான், பெரும்பாலும் பெண்களின் தலையில்தான் விழும்.

இந்தக் கல்வியாண்டு தொடங்குவதற்குள் மூன்று தகவல்களை உங்கள் துறை இணையதளத்தில் தமிழில் வெளியிடுங்கள்: சென்ற ஆண்டு முதல் பருவத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் நின்றவர்கள் எத்தனை பேர், சந்தேகம் என்றால் பிள்ளைகள் போய்ப் பார்க்க வேண்டியவர் யார், எந்த அறையில், எந்த நேரத்தில். அந்தப் பக்கத்தை அச்செடுத்து என் வகுப்பறைச் சுவரில் நானே ஒட்டுகிறேன்.

அன்புடன்,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை