நடுவில் விட்ட இரண்டு மாத்திரை

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. பொங்கலுக்கு நீ வந்து போனதிலிருந்து கோத்தகிரியில் உறைபனி விடவில்லை. கீழ்க்காட்டில் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது. அப்பா கவாத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். போனில் பேசலாம் என்றால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

வந்த இரண்டாம் நாள் விடியற்காலை நாலு மணிக்குப் பின்பக்கம் வாளிச் சத்தம் கேட்டது. அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தாய். நான் முழித்துத்தான் இருந்தேன். எழுந்து வரவில்லை. காலையில் காபி கொட்டிவிட்டது என்றாய், சரி என்றேன். அப்புறம் உன் பையில் சீப்பு தேடும்போது கருத்தடை மாத்திரை அட்டை கையில் பட்டது. நடுவில் இரண்டு மாத்திரை அப்படியே இருக்க, அதற்குப் பிந்தியவை பிரித்திருந்தன.

ஏன் போடுகிறாய் என்று கேட்கமாட்டேன். அது நீயும் மாப்பிள்ளையும் பேசி எடுத்த முடிவு. அத்தை கேட்டதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்று பொய் சொல்லி நர்ஸம்மாவிடம் கேட்டேன். ஆரம்பித்த முதல் 3 மாதம் இடையிடையே தீட்டுப் படுவது நிறையப் பேருக்கு உண்டாம், உடம்பு பழக வேண்டுமாம். நாள் தவறினாலும் படுமாம். உனக்கு ஷிப்ட் மாறி மாறி வருகிறதே, அதில்தான் மறந்திருப்பாய். எந்த ஷிப்டானாலும் ஒரே நேரத்தில் போடு. அலாரம் வைத்துக்கொள். ஒன்று விட்டுப்போனால் ஞாபகம் வந்ததும் போட வேண்டும், அன்றைக்கு இரண்டாகிவிட்டாலும் பரவாயில்லையாம். பயந்துபோய் பாதியில் நிறுத்தாதே. உன் இரண்டு வயதில் எனக்கும் மாலா என்று இதே மாதிரி கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள், அட்டையில் 21 வெள்ளை, 7 பழுப்பு. பழுப்பு போடும் நாளில் வர வேண்டிய தீட்டு வெள்ளையிலேயே வந்துவிட்டது என்று அட்டையைத் தூக்கி எறிந்தேன். தம்பி பிறந்தான்.

3 மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, டாக்டரிடம் போய்விடு. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, கண் மங்கித் தலை பிளந்தாலோ ஒரு மணி நேரமும் பொறுக்காதே. அப்பாவின் கண் ஆபரேஷனுக்குத் தனியாளாய் நின்று எல்லாம் பார்த்தவள் நீ. எனக்கு எத்தனை பெருமை தெரியுமா? உன் உடம்புக்கு மட்டும் ஏன் இப்படி ஒளிக்கிறாய்?

கேட்டுவிட்டேன், பதில் எனக்கே தெரியும். ஒன்பதாவது படிக்கும்போது 20 நாள் உனக்கு நிற்காமல் போனது. யாரிடமும் சொல்லாதே, தானாக நிற்கும் என்று உன் வாயை அடைத்தவள் நான்தான். பிரேயரில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கேயும் டாக்டரிடம், காலையில் சாப்பிடவில்லை என்றேன். நீ என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். ரத்தம் குறைந்து உன் உதடு வெளுத்திருந்தது. அன்றைக்கு நான் பழக்கியதைத்தான் நாலு மணிக்கு வாளியோடு செய்துகொண்டிருந்தாய். தப்பு என்னுடையது கண்ணு.

டாக்டரிடம் போகும் நாளைச் சொல். முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் வந்துவிடுகிறேன். அன்றைக்குச் சொல்லாமல் மறைத்ததையும் நானே சொல்கிறேன்.

முருங்கைப் பொடி தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். இன்றைக்கு மாத்திரை போட்டாயா?

அம்மா